பிட்சருக்குத் தமிழ்ல எதைப் போடுறது: குடமா, ஜக்கா, கூஜாவா, இல்ல பந்து எறியுறவரா?

இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு எதையாவது கொண்டு வர்றவங்க, அது கதையோ சப்டைட்டிலோ பாடப்புத்தகமோ, எல்லாரும் ஒரு தடவையாவது நின்னு யோசிக்கிற சொல்லு இந்த பிட்சர். அகராதியைத் திறந்தா குடம், சாடி, கூஜா, கெண்டி, பந்தெறிபவர்னு வரிசையா கொடுத்துட்டு போயிடும், எந்த இடத்துல எதைப் போடணும்னு மட்டும் சொல்லாது. அந்த முடிவை நாமதான் எடுக்கணும். அதனால இருக்கிற சொல்லையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து, எது எங்க பொருந்தும்னு எனக்குத் தோணுறதை எழுதுறேன், உங்களுக்கு வேற மாதிரி தோணுச்சுன்னா தாராளமா மாத்திக்கலாம்.

முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும், பிட்சர்ங்கிறது ஒரு சொல்லே இல்ல, ரெண்டு சொல்லு. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, ஆனா ரெண்டும் வேற வேற வேர்ல இருந்து வந்தது. பாத்திரத்தைக் குறிக்கிற பிட்சர் பழைய பிரெஞ்சுல பிஷியேன்னு இருந்த சொல்லு, அதுக்கு முந்தி இடைக்கால லத்தீன்ல பிகாரியம், அதுக்கும் பின்னாடி கிரேக்கத்துல பீகோஸ், அதாவது ஒயின் வைக்கிற சாடி, அதுதான் மூலமா இருக்கும்னு சொல்றாங்க. இதே பிகாரியத்துல இருந்து கிளம்பி வடக்குப் பக்கமா போய் வந்த இன்னொரு சொல்லு எது தெரியுமா, கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கிற பீக்கர்! ஜெர்மன்ல பெஹர், இத்தாலியன்ல பிக்கியேரே, எல்லாம் ஒரே குடும்பம். பிரெஞ்சு வழியா வந்தப்போ ப-வோட ஓசை கொஞ்சம் அழுத்தமா மாறி பிட்சர் ஆச்சு, வடக்கு வழியா வந்தது மாறாம பீக்கராவே நின்னுடுச்சு.

பந்து எறியுற பிட்சருக்கு இந்தக் குடும்பத்தோட எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது பிட்ச்ங்கிற வினைச்சொல்லோட கடைசியில ஆளைக் குறிக்கிற விகுதி சேர்ந்து வந்தது. அந்த வினைக்கு ஆதியில குத்தி நடுறது, ஊன்றுறதுன்னு பொருள், கூடாரத்துக்கு முளை அடிக்கிறதுக்கு இன்னைக்கும் அதே சொல்லுதான். கிரிக்கெட்ல 22 கஜம் நீளத்துக்கு இருக்கிற அந்த பிட்ச் கூட ஸ்டம்பை ஊன்றுறதுல இருந்து வந்ததுதான். ஊன்றுறதுல இருந்து குறி வச்சு எறியுறதுங்கிற பொருள் கிளைச்சது, அங்க இருந்துதான் பேஸ்பால் பிட்சர். கும்மிருட்டுக்கு பிட்ச் டார்க்னு சொல்றாங்களே, அந்த பிட்ச் மூணாவது, அது லத்தீன்ல கீலைக் குறிச்ச சொல்லு, நம்ம கணக்குல வராது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, பாத்திரத்துல இருந்து தண்ணியை ஊத்துறோம், பந்தையும் கையில இருந்து விடுறோம், ரெண்டுமே ஏதோ ஒண்ணை வெளிய விடுறதுதானேன்னு நாமளே ஒரு உறவைக் கற்பனை பண்ணி ரெண்டுக்கும் பொதுவா ஒரு தமிழ்ச்சொல்லு தேட ஆரம்பிச்சிடுவோம். அப்படித் தேடவே வேணாம்.

இப்ப முதல் ஆப்ஷனுக்கு வருவோம், எதுவும் மொழிபெயர்க்காம பிட்சர்னே தமிழ் எழுத்துல போட்டுடுறது. கேட்க ஈஸியா இருக்கு, ஆனா பாத்திரத்துக்கு இது வேலைக்கு ஆகாது, ஏன்னா தமிழ் காதுக்கு இதுக்கு ரொம்பப் பக்கத்துலயே பிக்சர், பிச்சர்னு சினிமாப் படத்தைக் குறிக்கிற சொல்லு குடியிருக்கு, அதை விட்டா கிரிக்கெட் பிட்ச் ஞாபகத்துக்கு வரும். மேஜை மேல பிட்சர் இருந்ததுன்னு எழுதினா படிக்கிறவர் அங்க ஒரு போட்டோ இருக்கிறதா நினைச்சுக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவார், அப்புறம் அதுல இருந்து தண்ணி ஊத்தினாங்கன்னு வரும்போது திரும்ப வந்து படிக்கணும். பேஸ்பாலுக்கு மட்டும் இந்த ஆப்ஷனை வச்சுக்கலாம், அதைக் கீழ சொல்றேன்.

பாத்திரத்துக்கு அடுத்த ஆப்ஷன் ஜக்கு. கைப்பிடி ஒரு பக்கம், ஊத்துறதுக்கு விளிம்பு மடிஞ்சு மூக்கு மாதிரி மறுபக்கம், வாய் திறந்தபடி, இதுதான் இன்னைய அமெரிக்க இங்கிலீஷ்ல பிட்சர், இதுவே பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல ஜக். நம்ம ஜக்கு பிரிட்டிஷ்காரங்க கிட்ட இருந்து வந்ததால அமெரிக்கக் கதையில வர்ற பிட்சருக்கு அப்படியே கச்சிதமா உட்காருது. ஒரு எச்சரிக்கை மட்டும், அமெரிக்கக் கதையில ஜக்னே வந்தா அது வேற சாமான், கழுத்து குறுகி, சின்னதா ஒரு காது வச்சு, கார்க் போட்டு அடைக்கிற மாதிரி இருக்கும், அதுக்கு ஜக்குன்னு போட்டா தப்பாயிடும். ஜக்னு இந்தச் சொல்லே ஜோன், ஜூடித் மாதிரி பெண்களோட செல்லப் பேருல இருந்து வந்திருக்கலாம்னு ஒரு கருத்து உண்டு, எனக்குப் பிடிச்ச தகவல் அதனால இங்க சொல்லிட்டேன்.

ஆனா காலம் கொஞ்சம் பின்னாடி போனா ஜக்கு ஓடிப்போயிடும். கிணத்தடியில ஒரு பொண்ணு பிட்சர்ல தண்ணி மொண்டு தோள்ல வச்சுக்கிட்டு நடக்கிறான்னு வந்தா அங்க ஜக்கைத் தோள்ல வைக்க முடியுமா, அந்த இடத்துல குடம்தான். பழைய இங்கிலீஷ்ல பிட்சர்ங்கிறது பெரும்பாலும் மண்ணால செஞ்ச பெரிய பாத்திரம், ரெண்டு காது கூட இருக்கும், அதனால பழைய கதை, கிணறு, ஆறு, தோள், தலை இதுல ஏதாவது ஒண்ணு வாக்கியத்துல இருந்தா கண்ணை மூடிக்கிட்டு குடம் போடலாம். குடத்துக்குக் கைப்பிடி கிடையாதேன்னு கேட்கலாம், நியாயமான கேள்விதான், ஆனா படிக்கிறவர் மனசுல வரவேண்டியது கைப்பிடி இல்ல, தண்ணியோட கனம். அதைக் குடம் தர்ற அளவுக்கு வேற எந்தச் சொல்லும் தராது.

இதுக்கு நல்ல பாடம் பைபிளோட பழைய தமிழ் மொழிபெயர்ப்புலயே இருக்கு, நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிற இடம் அது. 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் இங்கிலீஷ் பைபிள்ல பிட்சர்னு வர்ற இடங்கள்ல மூணை மட்டும் எடுத்துக்கலாம், அதுக்கெல்லாம் மூலமான எபிரேயத்துலயும் மூணு இடத்துலயும் கத்னு ஒரே சொல்லுதான். தமிழ்ல பாருங்க, ரெபெக்காள் கிணத்துக்கு வர்ற இடத்துல தோள்மேல குடம். கிதியோன்ங்கிற படைத்தலைவன் தன்னோட முந்நூறு பேரு கையில எக்காளமும் வெறும் பாத்திரமும் கொடுத்து அதுக்குள்ள தீவட்டியை மறைச்சு வைக்கச் சொல்ற இடத்துல பானை. பைபிள்லயே பிரசங்கிங்கிற புத்தகத்துல சாவைப் பத்திச் சொல்ற அந்த வரியில, ஊற்றுக்குப் பக்கத்துல உடையுற பாத்திரத்துக்கு சால்.

தீவட்டி உள்ள போகணும்னா வாய் அகலமா இருக்கணும், ராத்திரியில ஒரே நேரத்துல போட்டு உடைச்சா சத்தம் வரணும், அப்ப பானைதானே சரி. பிரசங்கியில அடுத்த சொல்லே கிணத்து உருளை, அப்ப அங்க தண்ணி இறைக்கிற பாத்திரம்தான் வேணும், இறைக்கிற பாத்திரத்துக்குத் தமிழ்ல சால்னு தனியாவே பேர் இருக்கு. மூலத்துல ஒரே சொல்லு, அதனால தமிழ்லயும் ஒரே சொல்லு வரணும்னு பிடிவாதம் பிடிக்காம அந்தப் பாத்திரம் அந்த வரியில என்ன வேலை செய்யுதுன்னு பார்த்திருக்காங்க. பிட்சர் வர்ற எந்த இடத்துலயும் நான் முதல்ல கேட்கிற கேள்வி இதுதான், வாய் எப்படி, யாரு தூக்குறா, என்ன ஊத்துறா, உடையுமா உடையாதா.

காக்கா கதையை இந்தக் கேள்வியை வச்சுப் பார்த்தா உடனே தெளிவாகும். ஈசாப் கதைன்னு இங்கிலீஷ்ல காக்காவும் பிட்சரும்னு பேரு, தமிழ்ல பானை, குடம், ஜாடின்னு ஆளாளுக்கு ஒண்ணு போடுறாங்க. பானை வேணாம்னு சொல்வேன், பானையோட வாய் அகலம், காக்கா விளிம்புல உட்கார்ந்து குனிஞ்சா ஓரளவுக்கு எட்டிடும், இல்லைன்னா உள்ளயே இறங்கிடும், அதுவும் இல்லாம அவ்வளவு அகலமான பாத்திரத்துல தண்ணி மேல வரணும்னா அந்தச் சின்ன அலகால எத்தனை கல்லு கொண்டு வந்து போடுறது. கழுத்து குறுகினாத்தான் கதை நிக்கும். 2009-ல கேம்பிரிட்ஜ் பக்கம் கிறிஸ்டோபர் பேர்ட், நாதன் எமெரின்னு ரெண்டு பேர் காக்கா இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகளை வச்சு இதைச் செஞ்சே பார்த்தாங்க, ஒடுக்கமான கண்ணாடிக் குழாய்ல தண்ணியும் அதுல மிதக்கிற புழுவும் வச்சாங்க, பறவைங்க கல்லு போட்டுத் தண்ணியை மேல கொண்டு வந்து புழுவை எடுத்துச்சு, சின்னக் கல்லை விட பெரிய கல்லைத்தான் தேர்ந்தெடுக்கவும் செஞ்சுதாம். அவங்களும் குறுகலான குழாயைத்தான் வச்சாங்க பாருங்க. அதனால குடம் ஓகே, குறுகின கழுத்துள்ள ஜாடியும் ஓகே, ரெண்டுல என் ஓட்டு குடத்துக்கு.

ஜாடின்னு பொதுவா எடுத்தா அது எதையாவது போட்டு மூடி வைக்கிற பாத்திரம், ஊத்துற பாத்திரம் இல்ல, அதனால பிட்சருக்கு அது கடைசிப் பட்சம்தான். கெண்டிக்கு நீளமா ஒரு மூக்குக் குழாய் உண்டு, அப்படிக் குழாய் தெளிவா சொல்லப்பட்டிருந்தா மட்டும் எடுக்கலாம். கரகம்னு ஒரு அழகான பழஞ்சொல் தொல்காப்பியத்துலயே இருக்கு, நூல், கரகம், முக்கோல், மணைன்னு அந்தணருக்கு உரிய பொருள்களைச் சொல்ற இடத்துல தண்ணிப் பாத்திரத்துக்கு வருது, எனக்கு ஆசைதான், ஆனா இன்னைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்டம்தான் கண்ணு முன்னாடி வரும், அதனால விட்டுடலாம்.

கூஜா கதை வேற. பாரசீகத்துல கூசான்னு இருந்த சொல்லு இந்தி வழியா வந்தது. மூடி இருக்கும், கையில பிடிச்சுத் தூக்கிட்டுப் போகலாம். எங்க இது பொருந்தும்னா, மூடி போட்ட பிட்சருக்கு. வெர்மீர் வரைஞ்ச ஒரு ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, 1662 வாக்கில வரைஞ்சது, தண்ணி பிட்சரோட நிக்கிற இளம்பெண்னு இங்கிலீஷ்ல பேரு. வெள்ளைத் துணியில தலையை மூடின ஒரு பொண்ணு ஒரு கையால ஜன்னலைப் பிடிச்சிருக்கா, இன்னொரு கையால மேஜை மேல தாம்பாளத்துக்குள்ள நிக்கிற பாத்திரத்தோட கைப்பிடியைப் பிடிச்சிருக்கா, பாத்திரம் உலோகம், பளபளன்னு இருக்கு, மேல மூடி. இதுக்கு ஜக்குன்னு எழுதினா 17-ஆம் நூற்றாண்டு போயி பிளாஸ்டிக் வந்துடும், குடம்னு எழுதினா கனமும் அளவும் தப்பாயிடும், ஒரு கையால அவ்வளவு லேசா பிடிச்சிருக்கவும் முடியாது. கூஜாவோட பிடி பொதுவா மேல வளைஞ்சு இருக்கும், இதுல பக்கவாட்டுல இருக்கு, அந்த ஒரு குறையை ஒத்துக்கிட்டுத்தான் நான் கூஜான்னு போடுவேன்.

அடுத்தது செடி. பிட்சர் பிளான்ட்டுக்குத் தமிழ்ல குடுவைத் தாவரம்னும் ஜாடிச் செடின்னும் ரெண்டு விதமாவும் எழுதுறாங்க. இதுல முடிவு எடுக்க செடியைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பார்க்கணும். நெப்பந்திஸ் இனத்துல இலையோட நடு நரம்பு இலை முடிஞ்ச பிறகும் கொடி மாதிரி நீண்டு போய், அதோட நுனி உப்பி, உள்ள திரவம் நிரம்பின ஒரு பையாத் தொங்கும். மேல ஒரு மூடி, அது மழைத்தண்ணி உள்ள விழுந்து திரவம் நீர்த்துப் போகாம தடுக்கும், தேனையும் சுரந்து பூச்சியைக் கூப்பிடும். வாயோட விளிம்பு ஈரமானா அப்படி ஒரு வழுக்கல், எறும்பு கால் வச்சா உள்ளதான், உள்ள விழுந்தது செரிச்சு சத்தாயிடும், மண்ணுல நைட்ரஜன் கம்மியா இருக்கிற இடத்துல வாழுறதுக்கு இதுதான் அதோட வழி. இந்தியாவுல இயற்கையா வளர்றது நெப்பந்திஸ் காசியானா ஒண்ணுதான், மேகாலயாவுல. போர்னியோவுல கினபாலு மலைப்பக்கம் இருக்கிற நெப்பந்திஸ் ராஜாவோட குடுவை ரெண்டு லிட்டருக்கு மேலயே கொள்ளும்.

வட அமெரிக்காவுல இருக்கிற சர்ராசீனியா வேற மாதிரி, அதுல நுனி மட்டும் இல்ல, இலை முழுசுமே சுருண்டு தரையில இருந்து குழாயா நிமிர்ந்து நிக்கும். கியூபெக்ல இருந்த டாக்டர் மிஷெல் சர்ராஸின் பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. ஆக ஒண்ணு தொங்குது, ஒண்ணு நிக்குது, ரெண்டுலயும் யாரும் எதையும் ஊத்துறது இல்ல, உள்ள விழுந்தது வெளிய வர்றதும் இல்ல. அதனால ஊத்துற பாத்திரமான ஜக்கு, கெண்டி ரெண்டும் அவுட். ஜாடின்னா நிமிர்ந்து நிக்கிறதுக்குப் பொருந்தும், தொங்குறதுக்குக் கொஞ்சம் உறுத்தும். குடுவைன்னா அடி பெருத்து மேல ஒடுங்கின வடிவம் மட்டும் மனசுல வரும், நிக்குதா தொங்குதான்னு எதையும் சொல்லாது, அதனால குடுவைத் தாவரம்தான் ரெண்டுக்கும் சேர்த்து நல்ல பேரு. பாடப்புத்தகம் எழுதுறவங்க இந்த ஒண்ணையே எல்லா இடத்துலயும் போட்டா பிள்ளைங்களுக்கு எவ்வளவு நிம்மதி!

பழமொழிக்கு வந்தா பாத்திரத்தையே தூக்கிப் போட்டுடலாம்ங்கிறது என் கட்சி. சின்ன பிட்சருக்குப் பெரிய காதுன்னு இங்கிலீஷ்ல ஒண்ணு இருக்கு, 1546-ல ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழிகள்லயே இது வருது, ஷேக்ஸ்பியரும் பிட்சருக்குக் காது உண்டுன்னு எழுதியிருக்கார். காதுன்னா அங்க கைப்பிடி, குழந்தைங்க பக்கத்துல இருக்காங்க பார்த்துப் பேசுன்னு அர்த்தம். நாமளும் அண்டா, சட்டியோட பிடியைக் காதுன்னுதான் சொல்றோம், அதனால அப்படியே மொழிபெயர்த்தாலும் அந்தச் சிலேடை தமிழ்ல தப்பிச்சு வந்துடும், இது ரொம்ப அபூர்வமா கிடைக்கிற வாய்ப்பு. ஆனா பேச்சு வேகமா போற ஒரு சீன்ல இதைப் போட்டா யாருக்கும் சட்டுனு புரியாது. சுவருக்கும் காது இருக்குன்னா புரியும், ஆனா குழந்தை காணாம போயிடும். பிள்ளைங்க இருக்கு, பார்த்துப் பேசுன்னு நேரா எழுதுறதுதான் சப்டைட்டிலுக்கு நல்லது, நாவல்னா அண்டாக் காதைத் தாராளமா முயற்சி பண்ணலாம்.

இன்னொண்ணு, கிணத்துக்கு அடிக்கடி போற பிட்சர் கடைசியில உடைஞ்சுதான் போகும்ங்கிறது. இதுக்குப் பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்னு கையிலயே ரெடியா இருக்கு. திருட்டுத்தனம் பண்றவனைப் பத்தின பேச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க. ஆனா தப்பே பண்ணாம சும்மா அதிர்ஷ்டத்தை நம்பித் திரும்பத் திரும்ப ஆபத்துல இறங்குற ஒருத்தனுக்கு இதைச் சொன்னா அவனைத் திருடன் ஆக்கிடுவோம், அந்த இடத்துல குடத்தையும் கிணத்தையும் அப்படியே வச்சுக்கலாம்.

ஆள் பேரா வந்தா மொழிபெயர்க்கக் கூடாது. மோலி பிட்சர்னு அமெரிக்க விடுதலைப் போர்ல ஒரு பேரு, 1778 ஜூன்ல நியூஜெர்சியில மான்மத் சண்டை நடந்தப்போ கொளுத்துற வெயில்ல வீரர்களுக்குத் தண்ணி கொண்டு போய்க் கொடுத்ததால வந்த பட்டப்பேருன்னு சொல்வாங்க, மேரி லட்விக் ஹேஸ்ங்கிறவர்தான் அவர்னு பொதுவா சொல்றது. மோலி பிட்சர்னே எழுதிட்டு, தண்ணி சுமந்ததால வந்த பேருன்னு பக்கத்துலயே ஒரு வரி சேர்த்துடுங்க, இல்லைன்னா அந்தப் பேருக்குள்ள இருக்கிற உழைப்பு தெரியாமலே போயிடும்.

இப்ப பேஸ்பால். பந்துவீச்சாளர்னு போடலாமா, பந்தெறிபவர்னு போடலாமா, இல்ல பிட்சர்னே விடலாமா. பந்துவீச்சாளர் பழகின சொல்லு, படிக்கவும் சுகமா இருக்கு, ஆனா படிக்கிறவர் மனசுல உடனே ஓடி வந்து கையைச் சுத்திப் போடுற கிரிக்கெட் பவுலர்தான் வருவார். கிரிக்கெட்ல பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிர்ந்தா அது எறிதல், சட்டப்படி தப்பு. பேஸ்பால்ல முழங்கையை மடக்கி எறியுறதுதான் வேலையே, ஓட்டமும் கிடையாது, 10 அங்குல உயர மேட்டு மேல நின்னு 60 அடி 6 அங்குல தூரத்துக்குப் பந்து தரையில படாம எறியணும். அதனால எறிங்கிற சொல்லு பேஸ்பாலுக்குத்தான் ரொம்பச் சரி.

இதுல சுவாரசியம் என்னன்னா, ஆரம்பத்துல அங்கயும் எறியக் கூடாது! 1845-ல நியூயார்க் நிக்கர்பாக்கர் கிளப் எழுதின விதியில பந்தை பிட்ச் பண்ணணும், எறியக் கூடாதுன்னே இருக்கு, அதாவது கையைக் கீழ வச்சு லேசா விடுறதுக்குத்தான் அன்னைக்கு பிட்ச்னு பேரு. தோளுக்கு மேல கையைத் தூக்கி எறியலாம்னு அமெரிக்காவோட பேஸ்பால் அமைப்பான நேஷனல் லீக் விட்டது 1884-ல, தூரத்தை இன்னைக்கு இருக்கிற அளவுக்குத் தள்ளினது 1893-ல. மேடு 15 அங்குலமா இருந்தது, 1968-ல பாப் கிப்சன் மாதிரி பிட்சர்கள் அடிக்கிறவங்களைத் திணறடிச்சதுக்கு அப்புறம் அடுத்த வருஷமே 10 ஆக்கிட்டாங்க. வேலையே தலைகீழா மாறிடுச்சு, பேரு மட்டும் அப்படியே நிக்குது.

அதனால 19-ஆம் நூற்றாண்டு பேஸ்பால் பத்தின எழுத்துன்னா பந்தெறிபவர்னு போடுறது நெருடும், அங்க பிட்சர்தான். இன்னைய ஆட்டம்னா செய்திக்குப் பந்தெறிபவர் நல்லாவே இருக்கு. ஒரு நாவல் முழுக்க, ஒரு படம் முழுக்க வருதுன்னா பந்தெறிபவர் நீளம், ஆட்டக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கத்திக் கூப்பிடுற இடத்துல வாய்ல நிக்காது, முதல் தடவை மட்டும் பந்தை எறியுற பிட்சர்னு சொல்லிட்டு அப்புறம் பிட்சர், கேட்சர்னே ஓட்டலாம். படம் சினிமாவைப் பத்தியும் பேசுதுன்னா மட்டும் உஷார், பிக்சரும் பிட்சரும் ஒரே ஸ்க்ரீன்ல வந்து மோதும்.

முதலீட்டாளர் முன்னாடி நின்னு ஐடியா விக்கிறவரையும் இப்ப பிட்சர்னு சொல்றாங்க, அது எறியுற குடும்பம், ஐடியாவை எடுத்துச் சொல்றவர்னு விரிச்சு எழுதினா போதும். பிரிட்டன்ல தளம் போடுற கல்லுக்கும் பிட்சர்னு பேர் உண்டு, அது ஊன்றுற குடும்பம், பாவுகல்னு போட்டா வேலை முடிஞ்சது. செராமிக் தொழில்ல சுட்ட பிறகு உடைஞ்ச சாமானைப் பொடி பண்ணி மறுபடி களிமண்ணுல சேர்க்கிற அந்தப் பொடிக்கும் பிட்சர்ங்கிறாங்க, அங்க போய் குடம்னு எழுதிடாம ஓட்டுப்பொடின்னு எழுதுங்க.